வாசகர் கேள்வி – பதில்: லண்டனில் நல்ல பப் எங்கே இருக்கிறது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்து லண்டன் பப்புகளைப் பற்றியவை. ஒருவருக்கு எழுதும் விடை மற்றவருக்கும் பயன்படும் என்பதால் அவற்றை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

கோவையிலிருந்து வேலைக்காக வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. வார இறுதிகளில் நண்பர்களோடு லெஸ்டர் ஸ்குவேர் பக்கம் உள்ள பப்புகளுக்குப் போகிறோம். நிற்க இடமில்லை, பேசுவது காதில் விழுவதில்லை, விலையோ கையைக் கடிக்கிறது. எல்லோரும் புகழும் லண்டன் பப் என்பது இதுதானா? – வாசகர், ஈஸ்ட்ஹாம்

இது இல்லை. லெஸ்டர் ஸ்குவேரைச் சுற்றியுள்ள பப்புகளுக்கு நீங்கள் நாளை திரும்பி வர வேண்டும் என்ற தேவையே கிடையாது. நீங்கள் எழுந்து போன இடத்தில் உட்கார அடுத்த நிமிடமே வேறொரு சுற்றுலாப் பயணி வந்துவிடுவார். நான் முப்பது ஆண்டுகளாக இந்த நகரத்தின் பப்புகளுக்குப் போய்வருகிறேன். வந்தவரே மறுபடி வந்தால்தான் பிழைப்பு என்ற நிலையில் இருக்கும் பப்பில்தான் பீரும் நன்றாக இருக்கிறது, பேச்சும் நன்றாக இருக்கிறது. நல்ல பப்பைத் தேடுவதென்றால் அப்படிப்பட்ட இடத்தைத் தேடுவதுதான்.

அதற்கு முதலில் கால்களுக்குக் கொஞ்சம் வேலை கொடுக்க வேண்டும். ரயில் நிலைய வாசலில் இருக்கும் பப்பைத் தாண்டிப் பத்து நிமிடம் நடந்து, பெரிய சாலையை விட்டு விலகி, வரிசை வீடுகள் நிற்கும் தெருக்களுக்குள் திரும்பினால், ஏதாவது ஒரு தெருமுனையில் ஒரு பப் இருக்கும். லண்டன் பிரிட்ஜ் நிலையத்தின் நெரிசலிலிருந்து அவ்வளவு தூரம் நடந்தாலே டபார்ட் தெருவில் ராயல் ஓக் என்ற பப் வந்துவிடுகிறது. சசெக்ஸின் லூயிஸ் நகரத்தில் இருக்கும் ஹார்வீஸ் மதுவாலையின் பப் அது. அங்கே கிடைக்கும் சசெக்ஸ் பெஸ்ட் என்ற, சற்றே கசக்கும் பிட்டர் வகை பீரைக் குடித்துப் பார்த்தால், இதுவரை பீர் என்று நினைத்துக் குடித்தது எது என்ற சந்தேகம் உங்களுக்கு வரக்கூடும்.

இரண்டாவதாக, வெள்ளிக்கிழமை இரவை வைத்து எந்தப் பப்பையும் மதிப்பிடக் கூடாது. வெள்ளியன்று எல்லாப் பப்புகளும் நிரம்பி வழியும். செவ்வாய்க்கிழமை மாலை ஆறரை மணிக்குப் போய்ப் பாருங்கள். அந்த நேரத்தில் ஒரு முதியவர் நாளிதழோடும், வேலை முடிந்து வந்த இரண்டு பேர் பேச்சோடும், ஒரு நாய் யாருடைய காலடியிலோ உறக்கத்தோடும் இருக்குமானால், நீங்கள் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள் என்று பொருள்.

மூன்றாவது, பீரை இழுத்து ஊற்றுவதற்காகக் கவுன்ட்டரில் நிற்கும் கைப்பம்புகளை எண்ணுவது. பம்பு அதிகமாக இருந்தால் பப் சிறந்தது என்று புதிதாக வருபவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கணக்குப் போட்டால் வேறு விதமாக இருக்கிறது. ஒவ்வொரு கைப்பம்பும் நிலவறையில் உள்ள ஒரு பீப்பாயோடு இணைந்தது. வழக்கமான பீப்பாய் ஃபர்கின் எனப்படும் 9 கேலன் பீப்பாய், அதில் 72 பைண்ட் இருக்கும் (ஒரு பைண்ட் 568 மில்லி லிட்டர்). பீப்பாயைத் திறந்த மூன்று நாட்களுக்குள் விற்றுவிட வேண்டும், அதற்கு மேல் சுவை கெடத் தொடங்கும். எட்டுப் பம்புகள் உள்ள பப், மூன்று நாட்களில் 576 பைண்ட் விற்றாக வேண்டும். கூட்டம் இல்லாத பப்பில் எட்டுப் பம்புகளைக் கண்டால், அவற்றில் சில பீப்பாய்களாவது வயதானவை என்று எண்ணிக்கொள்ளலாம். அமைதியான தெருமுனைப் பப்பில் இரண்டு, மூன்று பம்புகள் இருப்பதே நல்ல அடையாளம்.

பப்பின் உடைமையாளர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். இங்கே பெரும்பாலான பப்புகள் மதுவாலைகளுக்கோ, நூற்றுக்கணக்கான பப்புகளை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கோ சொந்தம். அவற்றில் பலவற்றில் உள்ளே நடத்துபவர் வாடகைதாரர் மட்டுமே. உடைமையாளர் சொல்லும் இடத்தில்தான் அவர் பீர் வாங்க வேண்டும் என்பது ஒப்பந்தம். பெரிய மதுவாலைகளின் இந்தப் பிடியைத் தளர்த்த 1989ஆம் ஆண்டில் அரசு ஆணை பிறப்பித்தது. ஆனால் அவை விற்ற பப்புகளைப் புதிய நிறுவனங்கள் மொத்தமாக வாங்கிக்கொண்டதால், பிடி கைமாறியதே தவிர விடுபடவில்லை. எந்த ஒப்பந்தத்துக்கும் கட்டுப்படாத பப்பை ஃப்ரீ ஹவுஸ் என்பார்கள். அதற்காகக் கட்டுப்பட்ட பப்புகள் எல்லாம் மோசம் என்று எண்ண வேண்டாம், மேலே சொன்ன ராயல் ஓக்கே ஒரு மதுவாலையின் பப்தான். ஃபுல்லர்ஸ், யங்ஸ் ஆகிய லண்டன் பெயர்களின் பப்புகளில் பலவற்றை என்னால் மனதாரப் பரிந்துரைக்க முடியும்.

இவ்வளவு அலைய நேரமில்லை என்றால், ஒரு புத்தகத்தை நம்பலாம். கேம்ரா என்று சுருக்கமாக அழைக்கப்படும் பீர் நுகர்வோர் இயக்கம் 1974ஆம் ஆண்டு முதல் வெளியிட்டுவரும் குட் பீர் கைடில் இடம்பெறும் பப்புகளை, அந்தந்தப் பகுதியில் வாழும் உறுப்பினர்களே குடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

உங்கள் ஈஸ்ட்ஹாமுக்கே வருகிறேன். பார்க்கிங் சாலையும் கிரீன் ஸ்ட்ரீட்டும் சந்திக்கும் மூலையில் போலின் டாவர்ன் இருக்கிறது. வெஸ்ட்ஹாம் கால்பந்து அணியின் மைதானம் பக்கத்திலேயே இருந்தவரை, ஆட்ட நாட்களில் உள்ளே நுழையவே முடியாது. 2016இல் அணி ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் போய்விட்டது. பப்பின் கதை அதோடு முடிந்தது என்று பலரும் எண்ணியிருந்தபோது, விக்டோரியா காலத்து மரத் தடுப்புகளும் கண்ணாடி வேலைப்பாடும் அழகாகச் சீரமைக்கப்பட்டு 2021இல் அது மறுபடி திறந்தது. லெஸ்டர் ஸ்குவேருக்கு ரயில் ஏறும் முன் அங்கே ஒருமுறை போய்வாருங்கள்.

அலுவலக நண்பர்கள் வற்புறுத்தியதால் கைப்பம்பிலிருந்து வரும் ஏல் வாங்கிக் குடித்தேன். குளிர்ச்சியும் இல்லை, நுரையும் இல்லை. அது கெட்டுப்போன பீரா, இல்லை இந்த ஊர்க்காரர்களுக்கு அதுதான் பிடிக்குமா? – வாசகர், ஹாரோ

கள்ளைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மரத்திலிருந்து இறக்கிய கள் ஓர் உயிருள்ள பானம். காலையில் இனிப்பாக இருப்பது மாலையில் புளித்துவிடும், எந்த வேளையில் குடிக்கிறோம் என்பதே அதன் சுவை. கைப்பம்பு ஏலும் அவ்வாறே உயிருள்ளது. லாகர் எனப்படும் குளிர்ந்த பீரை வடிகட்டி, உள்ளிருக்கும் ஈஸ்டை நீக்கி, கரியமில வாயுவால் அழுத்திக் குழாய்க்கு ஏற்றுகிறார்கள். ஏலை ஈஸ்ட் உயிரோடு இருக்கும்போதே பீப்பாயில் அடைத்து அனுப்பிவிடுகிறார்கள். பப்பின் நிலவறையில் அது இரண்டாம் முறை நொதிக்கிறது. பீப்பாயை அசையாமல் கிடத்தி, மூடியில் சிறு முளை செருகிக் காற்றை அளந்து வெளியேற்றி, வண்டல் படியக் காத்திருந்து, எந்த மணிக்குத் திறப்பது என்று முடிவு செய்வது பப் நடத்துபவரின் கைப்பக்குவம். மதுவாலையில் பாதியும் நிலவறையில் பாதியுமாகத் தயாராகும் பானம் என்றே இதைச் சொல்ல வேண்டும். ஒரே பீர் இரண்டு பப்புகளில் இரண்டு விதமாகச் சுவைப்பதற்கு இதுவே காரணம்.

வெப்பநிலையைப் பொறுத்தவரை, ஏலைப் பரிமாற வேண்டிய அளவு 11 முதல் 13 டிகிரி செல்சியஸ். அது வெதுவெதுப்பு அல்ல, நிலவறைக் குளிர்ச்சி. அதைவிடக் குளிர்ந்தால் மால்ட்டின் இனிப்பும் ஹாப் பூவின் கசப்பும் நாக்குக்கு எட்டாது. அறை வெப்பத்தில் வந்தால் பப்பின் மேல்தான் தவறு. லண்டனிலும் தென் இங்கிலாந்திலும் நுரை குறைவாகவே இருக்கும்; வடக்கே பம்பின் முனையில் ஒரு சல்லடையைப் பொருத்தி நுரைக்க வைப்பார்கள்.

ஆனால் வினிகரைப் போலப் புளித்திருந்தாலோ, ஈர அட்டையின் வாசனை அடித்தாலோ அது கெட்டதுதான். கவுன்ட்டருக்கு எடுத்துச் சென்று, இது சரியாக இல்லை என்று நினைக்கிறேன் என்று பணிவாகச் சொன்னால் போதும். நல்ல பப்பில் வாக்குவாதமே இல்லாமல் வேறொன்று ஊற்றித் தருவார்கள், அது இப்போது விற்பனைக்கு இல்லை என்பதற்கு அடையாளமாக உடனே அந்தப் பம்பின் பெயர் வில்லையைத் திருப்பியும் வைத்துவிடுவார்கள். மாற்றித் தரத் தயங்கும் பப்புக்கு மறுமுறை போக வேண்டாம். வாங்குவதற்கு முன்பே ஒரு மிடறு ருசி பார்க்கக் கேட்பதும் இங்கே வழக்கம்தான். நம்மவர்கள் கூச்சப்பட்டுக்கொண்டு கேட்பதே இல்லை.

சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு தகவல். ஏலைத் தெளிய வைப்பதற்குப் பல மதுவாலைகள் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் என்ற பொருளைச் சேர்ப்பது நெடுநாள் வழக்கம். இப்போது அதைச் சேர்க்காத ஏல்களும் கிடைக்கின்றன, கேட்டால் சொல்வார்கள்.

ஹாரோவிலேயே இருப்பதால், குன்றின் மேல் வெஸ்ட் ஸ்ட்ரீட்டில் உள்ள காசில் பப்புக்குப் போய் லண்டன் பிரைடு ஒன்றை அரைப் பைண்டாக வாங்கிப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் லாகருக்கே திரும்புவதில் எந்தக் குறையும் இல்லை.

நான் தனியாக வசிக்கும் பெண். மது அருந்துவதில்லை. ஆனாலும் மாலையில் ஒரு பப்பில் உட்கார்ந்து புத்தகம் படிக்க ஆசையாக இருக்கிறது. டாஸ்மாக் பார்களைப் பார்த்து வளர்ந்த எனக்குத் தயக்கம் போகவில்லை. – வாசகி, இல்ஃபோர்டு

தயங்காமல் போங்கள், அம்மா. டாஸ்மாக் பாரில் மது மட்டுமே உண்டு. உட்கார்ந்து இளைப்பாறுவதற்கு அங்கே யாரும் போவதில்லை. பப் என்பதோ பப்ளிக் ஹவுஸ் என்பதன் சுருக்கம், பொதுவான வீடு என்றே அதற்குப் பொருள். குழந்தைகளோடு ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட் சாப்பிட வரும் குடும்பங்களையும், ஒரு காபியோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் பாட்டிகளையும் நீங்கள் அங்கே பார்ப்பீர்கள். லைம் சோடா கேட்டால் யாரும் புருவத்தை உயர்த்த மாட்டார்கள். ஆல்கஹால் இல்லாத பீர்களும் இப்போது எங்கும் உண்டு.

இந்த ஊரிலும் அந்தக் கதவு பெண்களுக்குத் தானாகத் திறந்துவிடவில்லை. ஃப்ளீட் ஸ்ட்ரீட்டில் எல் வீனோ என்ற மதுக்கூடத்தில், பெண்கள் கவுன்ட்டரில் நின்று பானம் வாங்கக் கூடாது, பின்னறையில் உட்கார்ந்துதான் வாங்க வேண்டும் என்ற விதி இருந்தது. ஒரு வழக்கறிஞரும் ஒரு பத்திரிகையாளருமாக இரண்டு பெண்கள் வழக்குத் தொடுத்து, 1982ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். இன்று நீங்கள் கவுன்ட்டரில் நின்று உங்கள் பானத்தைக் கேட்பதற்குப் பின்னால் அவர்களும் நிற்கிறார்கள்.

முதல் சில முறை பிற்பகல் மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே போங்கள். இடமும் இருக்கும், அமைதியும் இருக்கும். சத்தம் பிடிக்காது என்றால் சாமுவேல் ஸ்மித் மதுவாலையின் பப்புகளைத் தேடிப் போகலாம்; அங்கே இசை கிடையாது, கைபேசியில் பேசவும் அனுமதியில்லை. ஹை ஹோபர்னில் உள்ள பிரின்சஸ் லூயிஸ் அவர்களுடையதே. 1891இல் அமைந்த அதன் உள்ளறைகள் செதுக்கிய கண்ணாடித் தடுப்புகளால் சிறு சிறு மாடங்களாகப் பிரிந்திருப்பதால், ஒரு மூலையில் புத்தகத்தோடு ஒதுங்குவதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. எங்காவது யாராவது தொல்லை கொடுத்தால், ஏஞ்சலா இருக்கிறாரா என்று ஊழியரிடம் கேட்கலாம். அது உதவி கேட்கும் குறிப்புச் சொல். அந்தத் திட்டத்தில் சேர்ந்துள்ள பப்புகளில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் உங்களைப் பாதுகாப்பாக வெளியே அனுப்பிவைப்பார்கள்.

அடுத்த மாதம் மகனைப் பார்க்க லண்டனுக்கு வருகிறேன். ஒரு வாரம்தான் இருப்பேன். பழைய பப்புகள் சிலவற்றைப் பார்க்க விரும்புகிறேன். அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்றும் சொல்லுங்கள். – வாசகர், சென்னை

ஒரு நாளைத் தேம்ஸ் நதிக்கு ஒதுக்குங்கள். ரோதர்ஹைத் நிலையத்தில் இறங்கினால், சில நிமிட நடையில் மேஃப்ளவர் பப். 1620இல் அமெரிக்காவுக்குப் போன மேஃப்ளவர் கப்பல் அந்தப் பகுதியிலிருந்துதான் கிளம்பியது. நதியின் மேல் நீண்டிருக்கும் மரத்தளத்தில் உட்கார்ந்து, ஓதம் ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். பிறகு மறுபடியும் ரோதர்ஹைத்தில் விண்ட்ரஷ் என்ற தடத்து ரயிலில் ஏறி ஒரே ஒரு நிலையம் கடந்து வாப்பிங்கில் இறங்குங்கள். அந்த ஒரு நிலையப் பயணம், புரூனல் கட்டி 1843இல் திறக்கப்பட்ட தேம்ஸ் சுரங்கத்தின் வழியாகச் செல்கிறது. கப்பல் ஓடும் நதிக்கு அடியில் உலகில் முதன்முதலாகத் தோண்டப்பட்ட சுரங்கம் அது. வாப்பிங்கில் பிராஸ்பெக்ட் ஆஃப் விட்பி என்ற பழைய பப் இருக்கிறது.

இன்னொரு நாள் பரோ ஹை ஸ்ட்ரீட்டின் ஜார்ஜ் இன். 1676இன் தீயில் அழிந்து, மறு ஆண்டே கட்டப்பட்ட அந்த விடுதி, குதிரை வண்டிக் காலத்து மாடத் தாழ்வாரங்களோடு லண்டனில் எஞ்சி நிற்பவற்றுள் கடைசி. பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்கு அது சொந்தம். பீருக்காக என்றால் ராயல் ஓக்கையே சொல்வேன், அது அங்கிருந்து நடக்கும் தூரம்தான். பிளாக்ஃப்ரையர்ஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள பிளாக் ஃப்ரையர், பளிங்கும் செம்புச் சிற்பங்களுமாக ஒரு சிறு கோயில் மண்டபத்தைப் போல இருக்கும்; 1960களில் இடிக்கத் திட்டமிட்டபோது ஊர் கூடிக் குரல் கொடுத்துக் காப்பாற்றியது. சனி, ஞாயிறு நாட்களில் நிதி நகரப் பகுதியின் பப்புகள் பலவும் பூட்டியிருக்கும் என்பதை நினைவில் வைத்துத் திட்டமிடுங்கள்.

நடந்துகொள்ளும் முறை எளிது. மேசைக்கு யாரும் வந்து கேட்க மாட்டார்கள். கவுன்ட்டருக்குப் போய் வாங்கி, அங்கேயே பணம் கொடுக்க வேண்டும். வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உண்டு: உங்களுக்கு முன்னால் வந்தவர் யார் என்று நினைவில் வைத்து, அவர் முறை முடியும்வரை காத்திருங்கள். கூட்டமாகப் போனால் ஒருவர் எல்லோருக்கும் வாங்குவார், அடுத்த சுற்று இன்னொருவர் முறை. தன் முறை வரும்போது நழுவுவதை இந்த ஊரில் மன்னிக்க மாட்டார்கள். ஒரு பைண்ட் 568 மில்லி லிட்டர். நான்கு சதவீத பீராக இருந்தால் அதில் 2.3 யூனிட் ஆல்கஹால் இருக்கிறது. வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம் என்பது இந்நாட்டுத் தலைமை மருத்துவ அலுவலர்கள் 2016இல் தந்த அறிவுரை. ஆகவே அரைப் பைண்டாகவே வாங்குங்கள், இன்னும் இரண்டு பப்புகளைப் பார்க்கலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஊரில் தவறணைக்குப் போய்ப் பழகியவன் நான். வந்த புதிதில் இங்குள்ள பப்புகளில் எங்களை முறைத்துப் பார்த்தார்கள். இப்போது எல்லோரும் பெயர் சொல்லி அழைக்கும் பப் ஒன்று எனக்கு உண்டு. அதை விற்று அடுக்குமாடி கட்டப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. நாங்கள் செய்யக்கூடியது ஏதும் உண்டா? – வாசகர், டூட்டிங்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், ஐயா. தவறணை என்ற சொல் போர்த்துக்கீசிய மொழியில் மதுக்கடையைக் குறிக்கும் சொல்லிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்தது. ஆங்கிலேயரின் டாவர்ன் என்ற சொல்லும் அதன் உறவுதான். நீங்கள் ஒரு தவறணையிலிருந்து இன்னொரு தவறணைக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.

அந்த முறைப்புக்கு முன்னால் அதைவிடக் கொடிய காலம் ஒன்று இருந்தது. நிறத்தைக் காரணம் காட்டிப் பப்பில் பானம் தர மறுப்பது 1965ஆம் ஆண்டின் இன உறவுச் சட்டம் வரும்வரை சட்டவிரோதமாகவே கருதப்படவில்லை. அப்படி மறுக்கப்பட்டவர்களில் சிலர், பஞ்சாபியர்கள் குறிப்பாக, பிற்காலத்தில் தாங்களே பப்புகளை எடுத்து நடத்தினார்கள். கிரில் செய்த கறியும் பைண்டும் சேர்ந்து கிடைக்கும் தேசி பப் அப்படித்தான் உருவானது. சவுத்ஹாலில் இருந்த கிளாசி ஜங்ஷனில் ஒரு காலத்தில் இந்திய ரூபாயைக் கொடுத்தே பீர் வாங்க முடிந்தது. 2022இல் இஸ்லிங்டனில் ஒரு பழைய தெருமுனைப் பப், தமிழ் பிரின்ஸ் என்ற பெயரில் திறந்தபோது, பெயர்ப் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நான் சிறிது நேரம் வீதியிலேயே நின்றேன். அங்கே பப்பைவிட உணவகமே மேலோங்கியிருக்கிறது என்பது என் கருத்து; ஆனால் நம் மொழியின் பெயரை ஒரு லண்டன் பப்பின் நெற்றியில் படித்த மகிழ்ச்சி அதனால் குறையவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2001இல் லண்டனில் 4,835 பப்புகள் இருந்தன. 2016இல் 3,615 என்று நகர மேயர் அலுவலகத்தின் கணக்கெடுப்பு கூறியது. அவ்வளவு வேகமாக மறைந்ததால் சட்டமும் மாறியது. 2017 முதல் இங்கிலாந்தில் எந்தப் பப்பையும் திட்ட அனுமதி இல்லாமல் இடிக்கவோ வேறு பயனுக்கு மாற்றவோ முடியாது. அனுமதி கேட்டு விண்ணப்பம் வரும்போது உங்கள் நகராட்சிக்கு எதிர்ப்புக் கடிதம் எழுத உங்களுக்கு உரிமை உண்டு. அங்கே நடக்கும் சீட்டாட்டம், பிறந்தநாள், துக்க வீட்டிலிருந்து வந்து கூடியிருந்த மாலைகள் எல்லாவற்றையும் அந்தக் கடிதத்தில் எழுதுங்கள். அந்தப் பப் மக்களுக்குப் பயன்படுகிறதா என்பதும் நகராட்சி எடைபோட வேண்டிய விஷயம்.

அதற்கும் முன்பே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 2011ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி, அந்தப் பகுதி வாக்காளர்கள் 21 பேர் குழுவாகச் சேர்ந்து கையெழுத்திட்டு, அந்தப் பப்பைச் சமூக மதிப்புள்ள சொத்தாகப் பட்டியலிடும்படி நகராட்சியைக் கேட்கலாம். பட்டியலில் சேர்ந்தபின் உடைமையாளர் விற்க முன்வந்தால், விலை பேசிப் பணம் திரட்ட ஊராருக்கு ஆறு மாதம் அவகாசம் கிடைக்கும். நன்ஹெட்டில் உள்ள ஐவி ஹவுஸ் அப்படித்தான் பிழைத்தது. முன்னூற்றுக்கும் மேற்பட்ட ஊர்க்காரர்கள் பங்கு வாங்கி, 2013இல் அதைத் தங்கள் கூட்டுறவுப் பப்பாகவே திறந்தார்கள். யாழ்ப்பாணத்துத் தவறணைகளைக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துவதைக் கண்ட உங்களுக்கு இது புதிதாக இருக்காது.

இடித்த பிறகும் போராடியவர்கள் உண்டு. கில்பர்னில் உள்ள கார்ல்ட்டன் டாவர்னை 2015 ஏப்ரலில் உடைமையாளர்கள் அனுமதியே இல்லாமல் தரைமட்டமாக்கினார்கள். அதற்குச் சற்று முன்பு, ஏதோ நடக்கப் போகிறது என்று ஐயுற்ற ஊர்க்காரர்கள் அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக்கக் கோரியிருந்தார்கள். அதற்காக உள்ளேயும் வெளியேயும் ஒவ்வொரு அங்குலமும் படமெடுக்கப்பட்டுப் பதிவாகியிருந்தது. அந்தப் பதிவுகள் கையில் இருந்ததால், இருந்தது இருந்தபடியே மறுபடி கட்ட வேண்டும் என்று வெஸ்ட்மின்ஸ்டர் நகராட்சி உத்தரவிட்டது. 2021 ஏப்ரலில் அந்தப் பப் அதே இடத்தில் அதே ஓடுகளின் அழகோடு திறந்தது.

ஆகவே இந்த வாரமே இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். பப் திறந்திருக்கும் ஒரு பகல் வேளையில் நடத்துபவரிடம் சொல்லிவிட்டு, கவுன்ட்டர், கண்ணாடி, கணப்பு, கூரை, வெளிச்சுவர் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். மாலையில் அங்கு வரும் முகங்களிடம் 21 கையெழுத்துகளைச் சேகரிக்கத் தொடங்குங்கள். நகராட்சிக்கு எழுதும் விண்ணப்பத்தின் வாசகத்தில் உதவி தேவைப்பட்டால் இந்தப் பகுதிக்கே எழுதி அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.